சொந்தத்தில் பேச்சு இல்லை, பிள்ளைக்குப் புதுநன்மை வருகிறது: எப்படி நடத்துவது?

கத்தோலிக்கப் பிள்ளைகள் பூசையில் முதல் தடவையாக நற்கருணை அப்பம் வாங்குவதைத்தான் புதுநன்மை என்கிறோம். எங்கள் மகள் பெயரைப் புதுநன்மைப் பட்டியலில் பங்குச்சாமியார் வாசித்தபோது, என் வீட்டுக்காரரும் அவர் அண்ணனும் பேசிப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. காரணம் ஒரு விசைப்படகு. இரண்டு பேர் பணம் போட்டு வாங்கியது, பதிவு ஒருவர் பேரில், எஞ்சின் வேலை பார்த்த செலவு இன்னொருவர் கையிலிருந்து, விற்று வந்த பணத்தில் யாருக்கு எவ்வளவு என்பதில் பிடித்த வினை. எங்கள் ராமநாதபுரம் கடற்கரையில் பாம்பனிலிருந்து மூக்கையூர் வரை எந்த ஊரில் இந்தக் கதையைச் சொன்னாலும் "எங்க வீட்டிலயும்தான்" என்று நாலு பேர் சொல்வார்கள், அதனால் விவரம் வேண்டாம். இது போதாதென்று நான் பிறந்த வீடு உச்சிப்புளிப் பக்கம், இந்துக் குடும்பம். கல்யாணத்துக்கு வராதவர்கள், பிள்ளை பிறந்த பிறகுதான் வாசல்படி ஏறினார்கள். இந்த இரண்டு பக்கத்தையும் வைத்துக்கொண்டு 2024 மே மாதம் அந்த நாளை ஒரு வழியாகக் கரை சேர்த்தேன். அதற்குப் பிறகு தங்கச்சிமடத்திலும் மண்டபத்திலும் இருந்து மூன்று பேர் "நீ எப்படிச் செஞ்ச?" என்று கேட்டுவிட்டார்கள், ஒவ்வொருவருக்கும் போனில் ஒரு மணி நேரம் சொல்வதற்கு இங்கே எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குள் நடப்பது ஒன்று, வீட்டில் நடப்பது இன்னொன்று. சண்டை வருகிற சமாச்சாரம் எல்லாம் வீட்டுப் பக்கம்தான் இருக்கிறது: பத்திரிகை, சீர், பந்தி, மொய், போட்டோ. கோயில் பக்கம் கேட்பது ரொம்பக் கொஞ்சம். பிள்ளைக்குத் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) ஆகியிருக்க வேண்டும், ஏழு வயது தாண்டி விவரம் தெரிய வேண்டும், நற்கருணை என்றால் என்ன என்று தன் வயசுக்குப் புரிந்திருக்க வேண்டும், அதற்கு முன்னால் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம் ஒன்று செய்திருக்க வேண்டும், நன்மை வாங்குவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும், தண்ணீரும் மருந்தும் அதில் சேர்த்தி இல்லை. அவ்வளவுதான். ஞானத்தாய், ஞானத்தகப்பன் வந்து நிற்க வேண்டும் என்பதுகூடக் கிடையாது, அது திருமுழுக்குக்கும் உறுதிபூசுதலுக்கும்தான். இதைத் தெரியாமல், பிள்ளையின் ஞானத்தகப்பனான மச்சானோடு பேச்சில்லை என்பதற்காகப் புதுநன்மையை ஒரு வருடம் தள்ளிப்போட்ட வீடு எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை அடுத்த வருடம் தன்னைவிடக் குட்டையான பிள்ளைகளோடு வரிசையில் நின்றது.

வயசைப் பற்றியும் வீட்டில் ஒரு பஞ்சாயத்து வரும். "எங்க அம்மா காலத்துல பன்னெண்டு வயசுலதான் குடுத்தாங்க, இதுக்கு என்ன அவசரம்" என்று என் மாமியார் ஆரம்பித்தார். அவர் சொன்னது முழுப் பொய் இல்லை, ஒரு காலத்தில் பத்து, பன்னிரண்டு வயதுக்குத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1910இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர்தான் ஏழு வயதை ஒட்டியே கொடுக்கலாம் என்று மாற்றினார். நம் பக்கத்தில் பல பங்குகளில் மறைக்கல்வி நாலாம், ஐந்தாம் வகுப்புக்கு வந்ததும் சேர்க்கிறார்கள். வயசைச் சாக்காக வைத்து ஒருவர் தள்ளிப்போடச் சொன்னால் பெரும்பாலும் உள்ளே வேறு விஷயம் இருக்கும், அதைக் கேளுங்கள். என் மாமியாருக்குப் பெரிய மகன் வராத விசேஷத்தில் உட்கார மனசு இல்லை, விஷயம் அதுதான்.

தேதி உங்கள் கையில் இல்லை, அதை முதலிலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்குச் சேர்த்துச் சாமியார் குறிக்கும் நாள் அது. பெரும்பாலும் பாஸ்காவுக்கு (ஈஸ்டருக்கு) பிறகு, பள்ளி லீவு விட்ட மே மாதத்தில் வரும். அங்கேதான் நம் கடற்கரைக்கு என்று ஒரு சிக்கல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு ஒன்றும் கடலுக்குப் போகாது. ஆண்கள் எல்லோரும் கரையில் இருப்பார்கள், கையில் காசு இருக்காது. படகைக் கரையேற்றிப் பலகை மாற்றி, பெயிண்ட் அடித்து, யாரிடம் எவ்வளவு அட்வான்ஸ், யார் எவ்வளவு தரணும் என்று பழைய நோட்டைப் பிரிக்கும் மாதமும் அதுதான். வருடத்தில் மற்ற நாளில் ஒருவர் கடலில் இருக்கும்போது இன்னொருவர் கரையில் இருப்பார், முகத்தில் விழிக்காமல் தப்பிக்கலாம். மே மாதத்தில் முடியாது. தினமும் காலையும் மாலையும் ஒரே கரையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருப்பார்கள். அரசு கொடுக்கும் 8,000 ரூபாய் நிவாரணத்தை நம்பிப் பிரியாணிக்கு ஆர்டர் கொடுக்க நினைப்பவர்களுக்கு: வேண்டாம், அது வருகிற நாள் வேறு, சமையல்காரப் பண்டாரி காசு கேட்கும் நாள் வேறு.

பங்குச்சாமியாரை முன்கூட்டியே தனியாகப் பாருங்கள், பூசை முடிந்து பத்துப் பேர் சுற்றி நிற்கும்போது வேண்டாம். பிள்ளைக்கு வேறு பங்கில் திருமுழுக்கு ஆகியிருந்தால் அங்கிருந்து சான்றிதழ் வாங்கணும், அதற்குப் பெரும்பாலும் பேச்சில்லாத ஏதோ ஒரு சொந்தக்காரர் ஊருக்குத்தான் போக வேண்டியிருக்கும், அதனால் ஜனவரியிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். உங்கள் கல்யாணம் கோயிலில் நடக்கவில்லை என்றால் அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். அது உங்கள் விஷயம், அதற்கு என்ன வழி என்று அவர் சொல்வார், அதற்காகப் பிள்ளைக்கு நன்மை இல்லை என்று சட்டம் கிடையாது. அப்புறம் வீட்டு நிலவரத்தை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டு, ஒரு உதவி கேளுங்கள்: "சாமி, சில விஷயத்துல உங்க பேரைச் சொல்லிக்கிறேன்." எங்கள் சாமி சிரித்துவிட்டுச் சரி என்றார். அதற்குப் பிறகு எனக்குப் பாதி வேலை குறைந்தது. பீடத்துக்குப் பக்கத்தில் போட்டோ எடுக்கக் கூடாதா, சாமி சொல்லிட்டார். பெற்றோரைத் தவிர யாரும் முன் பெஞ்சில் உட்காரக் கூடாதா, சாமி சொல்லிட்டார். மாமன், சித்தப்பா, பெரியப்பா யாரும் சாமியிடம் போய் ஏன் என்று கேட்கப் போவதில்லை.

சாமியாரிடம் சமாதானம் பண்ணி வைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். கேட்கத் தோன்றும், எனக்கும் தோன்றியது. விசேஷத்தைச் சாக்கிட்டு ஒரே வாரத்தில் பதினாலு மாதச் சண்டையைத் தீர்க்கப் போனால் இருக்கிற பேச்சும் முறியும். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் உன் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு நற்செய்தியில் ஒரு வசனம் வரும், ஐந்தாம் அதிகாரம். நல்ல வசனம். அதை யாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். என் நாத்தனார் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் அனுப்பினார், இரண்டு பேரும் "இதை அவனுக்குச் சொல்லு" என்று பதில் போட்டார்கள்.

பத்திரிகையைப் பொறுத்தவரை நான் அடித்துச் சொல்வேன், யார் பெயரும் போடாதீர்கள். பிள்ளை பெயர், அப்பா அம்மா பெயர், கோயில், பூசை நேரம், சாப்பாடு எங்கே, முடிந்தது. பெரியப்பா பெயரைப் போட்டால் "என்னைக் கேக்காம எப்படிப் போட்ட", போடாவிட்டால் "என்னை ஒதுக்கிட்டாங்க". தாய்மாமன் பெயருக்கு மட்டும் தனிக் கட்டம் போட்டால் அத்தைமார் முகம் தூக்கும். நாங்கள் 'உற்றார் உறவினர்' என்பதைக்கூடப் போடவில்லை. அச்சகத்துக்காரர் "என்னம்மா, பாதி காலியா இருக்கு" என்றார், காலி இடத்தில் திராட்சைக் குலையும் கோதுமைக் கதிரும் பெரிதாகப் போட்டுக்கொடுத்தார், பார்க்க நன்றாகவே இருந்தது.

பத்திரிகை வைக்கப் போவது எப்படி என்பதுதான் இந்த முழு வேலையிலும் கஷ்டமானது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பேச்சில்லாத வீட்டுக்குத்தான் முதலில் போகணும். பத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டுப் பதினோராவதாகப் போனால், நீங்கள் வாசல்படி ஏறும் முன்பே செய்தி ஏறியிருக்கும், "எங்களுக்குக் கடைசியிலதான் நினைப்பு வந்துச்சா" என்ற கேள்வி தயாராக இருக்கும். சண்டை போட்டவர் நேரில் போக வேண்டாம். என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் ஐந்தாவது நிமிடம் படகு பேச்சு வந்திருக்கும். நானும் மகளும் மட்டும் போனோம், காலை பத்தரை மணிக்கு. அந்த நேரத்தில் மூத்தார், அதாவது வீட்டுக்காரரின் அண்ணன், கரையில் படகு வேலையில் இருப்பார், வீட்டில் அவர் மனைவி அக்கா மட்டும்தான் இருப்பார் என்று தெரிந்தே போனது. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை. அக்கா தட்டை வாங்கவில்லை, "மேசையில வை" என்றார். வைத்தேன். டீ போட்டுக் கொடுத்தார், சர்க்கரை இல்லாமல். மறந்துபோனாரா, வேண்டுமென்றே செய்தாரா என்று இன்றைக்கும் தெரியாது. முழுசாகக் குடித்துவிட்டு, "வந்துருங்கக்கா, பிள்ளை தேடும்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இதுதான் அளவு: பத்து நிமிடம், ஒரு டீ, ஒரு வாக்கியம். அதற்கு மேல் உட்கார்ந்தால் பழைய கதை வரும். "நடந்ததை மனசுல வெச்சுக்காதீங்க" என்று சொல்லத் தோன்றும், சொல்லாதீர்கள், அந்த வாக்கியமே நடந்ததை மறுபடி மேசையில் எடுத்து வைக்கும்.

வருவார்களா என்று கேட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள். அவர்கள் வீட்டுத் தலைகளையும் சேர்த்துச் சாப்பாடு சொல்லிவிடுங்கள், வராவிட்டால் அக்கம் பக்கம் கொடுக்கலாம்.

இந்துச் சொந்தம் இருந்தால் வேறு வகைக் கணக்கு. முதலில் அவர்கள் ஊர்க் கோயிலில் காப்புக் கட்டு எப்போது என்று கேளுங்கள். வைகாசியில் எங்கள் பக்கத்து ஊர்களில் காப்புக் கட்டுவார்கள், கட்டிவிட்டால் வெளியூரில் ராத்தங்க மாட்டார்கள், கறி தொட மாட்டார்கள். இது தெரியாமல் முந்தின நாளே வந்து தங்கச் சொல்லி, அவர்கள் முடியாது என்று சொல்லி, அதை நீங்கள் அவமானமாக எடுத்துக்கொண்டு... தேவையில்லாத சண்டை. அப்புறம் புதுநன்மை என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். என் அம்மா போனில் "சடங்கா?" என்று கேட்டார். "இல்லம்மா, சாமி கையால முதல் தடவை பிரசாதம் மாதிரி ஒண்ணு வாங்குவா, ஆனா அது எங்களுக்கு வெறும் பிரசாதம் இல்ல, சாமியே அதுதான்" என்று சொன்னேன். மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரைக் கேட்டிருந்தால் இன்னும் சரியாகச் சொல்லியிருப்பார். அம்மாவுக்கு அதுவே போதுமாக இருந்தது, "அப்ப குளிச்சிட்டு சுத்தமா வரணும்" என்றார்.

ஆனால் நான் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். நன்மை கொடுக்கும் நேரத்தில் எல்லோரும் எழுந்து வரிசையில் போக, அம்மாவும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பின்னாலேயே போய்விட்டார். பீடத்துக்கு நாலு அடி இருக்கும்போது ஒரு சிஸ்டர் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்தார். சிஸ்டர் மெதுவாகத்தான் செய்தார், ஆனாலும் அம்மா முகம் சுண்டிப்போனது, கல்யாணத்தில் விட்ட குறை எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் திரும்பி வந்தது. அதனால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: அப்பம் வாங்குவது திருமுழுக்குப் பெற்றவர்களுக்கு மட்டும், நீங்கள் உட்கார்ந்தே இருக்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். எழுந்து போக ஆசைப்பட்டால் கையை மார்பில் கட்டிக்கொண்டு போனால் ஆசீர்வாதம் கிடைக்குமா என்று சாமியாரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் விவரம் தெரிந்த ஒருவரை உட்கார வைப்பது இன்னும் நல்லது.

சீர் விஷயத்துக்கு வருவோம். நம் பக்கத்தில் புதுநன்மைக்குப் பிள்ளைக்கு உடுப்பு, கழுத்துக்குச் சிலுவைச் சங்கிலி தாய்மாமன் எடுப்பது பல வீட்டில் வழக்கம். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி உடுப்பு என்று பங்கிலேயே முடிவு செய்துவிட்டால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. இல்லாவிட்டால் தாய்மாமனிடம் நேராகக் கேளுங்கள், "நீ எடுக்கிறியா, நாங்க எடுக்கட்டுமா." குறிப்பால் உணர்த்துகிற வேலை இங்கே எடுபடாது. நான் கேட்கவில்லை. என் தம்பி சீர் கொண்டுவருவான் என்றே நினைக்கவில்லை, அதனால் மதுரையில் ஒரு வெள்ளை ஃபிராக், வலைத்துணி முக்காடு, முத்துக் கிரீடம் எல்லாம் வாங்கி வைத்துவிட்டேன். பூசை அன்று காலை ஏழு மணிக்கு, தலைப்பின்னல் போட்டுக்கொண்டிருக்கும்போது, அவன் வந்து இறங்குகிறான். கையில் தட்டு, தேங்காய், பழம், மல்லிகைப் பூ, அரக்கு நிறத்தில் சரிகை போட்ட பட்டுப் பாவாடை சட்டை. ரயில் அப்போது மண்டபத்தோடு நின்றுகொண்டிருந்தது, புதுப் பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில்தான் திறந்தார்கள், அதனால் பாவாடை கசங்கக் கூடாது என்று ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறான். என் மாமியார் பாவாடையைப் பார்த்தார், தேங்காயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வீட்டுக்குள் ஒரு சத்தம் இல்லை.

அப்போது மகள்தான் சொன்னாள், "இது பிரியாணிக்கு, அது பூசைக்கு." அப்படியே செய்தோம். கோயிலுக்கு வெள்ளை ஃபிராக், பந்தியில் பட்டுப் பாவாடை. நீங்கள் அந்த முடிவைப் பிள்ளையின் வாய்க்கு விடாமல் முதலிலேயே எடுத்து வையுங்கள்: இரண்டு பக்கமும் உடுப்பு கொண்டுவந்தால் இரண்டையும் போடலாம், நேரம் மட்டும் வேறு. நகையும் அப்படித்தான், கோயிலுக்கு ஒரு சங்கிலி, மற்றதெல்லாம் வீட்டில். வெள்ளை உடுப்புகூடக் கட்டாயம் இல்லை, வழக்கம்தான். ஆனால் அதை உங்கள் மாமியாரிடம் என்னைச் சொல்லிச் சொல்லாதீர்கள்.

இனி பிள்ளை. பெரியவர்கள் சண்டையைப் பிள்ளையிடமிருந்து மறைத்துவிட்டோம் என்று நினைப்போம். புதுநன்மைக்கு இரண்டு நாள் முன்னால் முதல் பாவசங்கீர்த்தனம், அதற்கு என் மகள் ஒரு தாளில் பாவத்தை எழுதிக்கொண்டிருந்தாள். தம்பியைக் கிள்ளியது, பென்சில் எடுத்தது, பொய் சொல்லிவிட்டு ஐஸ் வாங்கியது. நாலாவதாக எழுதி அடித்து, மறுபடி எழுதியிருந்தாள்: 'பெரியப்பா வீட்டுக்கு போகாதது.' "அம்மா, இது பாவமா?" என்று கேட்டாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. "நீ போகாம இல்ல, நாங்க கூட்டிட்டுப் போகல. அது உன் கணக்குல வராது, எங்க கணக்குல வரும்" என்றேன். அந்த வரியை அடித்துவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் என் வீட்டுக்காரரும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றார், என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: யார் யார் பேசுவதில்லை என்று பிள்ளைக்கு ஒரு வரியில் உண்மையைச் சொல்லுங்கள், காரணத்தைச் சொல்ல வேண்டாம், "உன்னால இல்ல" என்பதை மட்டும் தவறாமல் சொல்லுங்கள். பிள்ளை மூலமாகத் தூது அனுப்பாதீர்கள். "பெரியப்பா வந்தா போய்க் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வா" என்று சொல்லிக்கொடுத்து நாடகம் போடாதீர்கள். அந்த வாரம் பிள்ளைக்கே ஏகப்பட்ட வேலை இருக்கும், செபங்கள் மனப்பாடம், எப்போது முழந்தாள் இட வேண்டும், அப்பத்தை நாக்கில் வாங்குவதா கையில் வாங்குவதா, கீழே விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று அதுவே தூக்கத்தைக் கெடுக்கும். ஒத்திகைக்கு ஒரு நாளும் லீவு போடாமல் அனுப்புங்கள்.

அன்று காலை ஐந்தரை ஆறு மணிக்கே இரண்டு இட்லி ஊட்டிவிடுங்கள். ஒரு மணி நேரம்தான் வெறும் வயிறு என்பதை மறந்து விடிந்ததிலிருந்து பட்டினி போட்டு, மே மாத வெக்கையில் முக்காடும் கையுறையுமாக நிற்கும் பிள்ளை மயங்கி விழுவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம். முக்காட்டுக்கு நாலு ஊக்கு கூடுதலாகக் குத்துங்கள், கச்சான் காற்று கோயில் வாசலிலேயே பிடுங்கும். மெழுகுதிரியின் அடியில் ஒரு அட்டைத் துண்டு மாட்டினால் கையில் மெழுகு சொட்டாது.

கடலுக்குப் போய்ப் பிடிபட்டு யாழ்ப்பாணம் சிறையில் இருக்கும் அப்பாவோ மாமனோ உங்கள் வீட்டில் இருந்தால், நம் பக்கத்தில் அது அபூர்வம் இல்லை, விசேஷத்தைத் தள்ளிப்போடுவதா என்ற கேள்வி வரும். என் அபிப்பிராயம், நன்மையைத் தள்ள வேண்டாம், பந்தியைத் தள்ளுங்கள். விசுவாசிகள் மன்றாட்டில் அவருக்காக ஒரு வரி சேர்க்கச் சொல்லிச் சாமியாரிடம் கேளுங்கள், பிள்ளையையே வாசிக்க விடலாம். அவர் விடுதலையாகி வந்த பிறகு ஒரு நன்றிப் பூசையும் சாப்பாடும் வைத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

போட்டோவுக்கு "எல்லாரும் வாங்க" என்று யாரையும் கத்த விடாதீர்கள். அந்த ஒரு கூப்பாட்டில் யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் பக்கத்தில் யார் நிற்கவில்லை என்பது ஊருக்கே தெரிந்துவிடும். பிள்ளையை ஒரே இடத்தில் நிறுத்துங்கள், ஒவ்வொரு குடும்பமாக வந்து நின்று எடுத்துக்கொண்டு போகட்டும். போட்டோக்காரரிடம் முன்பே சொல்லிவிட்டால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், அவர்கள் பார்க்காத குடும்பச் சண்டையா.

சாப்பாடு. பேச்சுவார்த்தை மோசமாக இருந்தால் பந்தியே வேண்டாம் என்பேன். கோயில் வாசலில் கேக், டீ, வடையோடு முடித்துவிட்டு, வீட்டு ஆட்களை மட்டும் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு ஓரியூர் போய்விடுங்கள். போர்த்துக்கலிலிருந்து வந்த சேசு சபைச் சாமியார் அருளானந்தர் 1693இல் வேதசாட்சியாக இறந்த இடம், அந்தச் செம்மண்ணைப் பிள்ளை நெற்றியில் பூசிவிட்டு, கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். வேண்டுதல் என்று சொன்னால் ஏன் பந்தி வைக்கவில்லை என்று யாரும் கேட்பதில்லை.

பந்தி வைத்தே ஆகணும் என்றால், பாய் பண்டாரியைப் பிடியுங்கள். பாயே அறுத்துச் சமைத்தால் அக்கம் பக்கத்து முஸ்லிம் வீட்டார் மனக்குறை இல்லாமல் சாப்பிடுவார்கள். காப்புக் கட்டியவர்களுக்குச் சாம்பார், கூட்டு, அப்பளம் தனிப் பாத்திரத்தில், தனி இடத்தில். தடைக்காலத்தில் மீன் விலையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, நாட்டுப்படகு மீன் வந்தாலும் அந்த விலைக்கு 120 பேருக்குக் குழம்பு வைக்க முடியாது, அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். பேச்சில்லாதவர்களை ஒரே பந்தியில் எதிரெதிரே உட்கார வைக்காமல் இருக்க, பந்தி மேற்பார்வையை ஊர் முழுக்கத் தெரிந்த ஒரு அத்தையிடம் ஒப்படையுங்கள். எங்கள் வீட்டில் சின்ன அத்தை பார்த்துக்கொண்டார், அவர் "நீ அடுத்த பந்தி" என்று சொன்னால் கவுன்சிலராக இருந்தாலும் எழுந்துதான் ஆகணும். முக்கியமாக, ஒன்றரை மணிக்குள் கடைசிப் பந்தியை எழுப்பிவிடுங்கள். குடிப்பதற்குத் தோப்புப் பக்கம் போய்விட்டு வருகிறவர்கள் இரண்டு மணிக்கு மேல்தான் திரும்புவார்கள், அப்போது பந்தலில் நாற்காலி அடுக்கியிருக்க வேண்டும்.

மொய் வேண்டாம் என்று போடுவது பெரிய மனசு மாதிரி தெரியும். ஆனால் உங்கள் வீட்டிலிருந்து போன மொய் ஊரில் நாற்பது வீட்டில் நிற்கும், கடன்பட்டவர் திருப்பிக் கொடுக்க வந்தால் தடுக்க முடியாது. நோட்டைச் சண்டையில் சேராத ஒருவர் எழுதட்டும். பேச்சில்லாதவர் தானே வராமல் யாரிடமாவது கொடுத்துவிட்டால் வாங்கி எழுதிக்கொள்ளுங்கள். "அவரையே வந்து குடுக்கச் சொல்லு" என்று திருப்பி அனுப்பினால் அடுத்த பத்து வருடத்துக்கு அதுவே பேச்சாக இருக்கும்.

இவ்வளவு செய்தும் யாராவது ஆரம்பிப்பார்கள். எங்கள் வீட்டில் கைகழுவும் இடத்தில் ஆரம்பித்தது, வீட்டுக்காரரின் சித்தப்பா, "உங்கண்ணன் பங்கை வெச்சுக்கிட்டுத்தான் பிரியாணி போடுறியா" என்றார். என் வீட்டுக்காரர் பதில் சொல்லவில்லை, முந்தின நாளே நாங்கள் பேசி வைத்திருந்தோம். நான்தான் போய், "சித்தப்பா, கணக்கைத் தடைக்காலம் முடியறதுக்குள்ள உக்காந்து பேசுவோம், நீங்களும் இருங்க. இப்ப பாயசம் சாப்பிடுங்க" என்றேன். பேசுவோம் என்று நாள் குறித்துச் சொன்னால் ஆள் அடங்குவார்கள். 'இன்னிக்கு வேணாமே' என்று கெஞ்சினால் அடங்க மாட்டார்கள்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பிள்ளைக்கு மறுபடி வெள்ளை உடுப்பைப் போட்டு, வராதவர்கள் வீட்டுக்கு ஆசீர்வாதம் வாங்க அனுப்புங்கள், கூட ஒரு பெரியவர் போனால் போதும். ஒரு கேக் துண்டு, வேறு எதுவும் சொல்லி அனுப்ப வேண்டாம். எங்கள் மகளை மாமியார் கூட்டிக்கொண்டு போனார். மூத்தார் முற்றத்தில் வலைக்குவியல் மேல் உட்கார்ந்து பொத்தல் முடிந்துகொண்டிருந்தாராம். காலையில் பூசைக்கு வந்து பின்வாசல் தூண் பக்கம் நின்றுவிட்டு, நன்மை கொடுத்து முடித்ததும் போய்விட்டார் என்பது அப்போதுதான் தெரிந்தது. "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டிருக்கிறார். "ருசியே இல்ல பெரியப்பா, பேப்பர் மாதிரி அண்ணத்துல ஒட்டிக்கிச்சு" என்றாளாம். நெற்றியில் சிலுவை போட்டு 501 ரூபாய் கொடுத்துவிட்டார். நோட்டில் அவர் பெயரில் எழுதிவிட்டேன்.

படகுக் கணக்கு அந்தத் தடைக்காலத்திலும் முடியவில்லை, அடுத்ததிலும் முடியவில்லை. இந்த வருடம் அவர்கள் கடைக்குட்டிக்குப் புதுநன்மை. போன வாரம் அக்கா பையனை அனுப்பி ஃபிராக்கைக் கேட்டிருந்தார். துவைத்து நீலம் போட்டுக் கொடியில் காயப்போட்டிருக்கிறேன், இடுப்பில் ஒரு இஞ்ச் பிடிக்கணும், கிரீடத்தில் இரண்டு முத்து கழன்றிருக்கிறது.